ஒழுகும் வண்டியும் கரையும் முதலும்

ஐப்பசி அடைமழை என்று பெரியவர்கள் சொல்லி வைத்தது வெறும் பேச்சல்ல. தமிழ்நாட்டுக்கு ஆண்டு முழுவதும் கிடைக்கும் மழையில் ஏறத்தாழ பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழையில்தான் கிடைக்கிறது. தீபாவளி வருவதும் அதே ஐப்பசியில்தான். சர்க்கரை, மைதா, கடலைமாவு, பருப்பு, வற்றல் என்று ஆண்டிலேயே அதிகமான சரக்கு சாலையில் ஓடும் மாதமும், வானம் பொத்துக்கொண்டு ஊற்றும் மாதமும் நமக்கு ஒன்றாகவே வாய்த்திருக்கின்றன.

கடைக்குள் மழை வராமல் பார்த்துக்கொள்ள நமக்குத் தெரியும். ஓட்டை மாற்றுகிறோம், குடோனில் கட்டை போட்டு மூட்டையை அடுக்குகிறோம், சுவரோரம் ஒரு முழம் இடம் விடுகிறோம். ஆனால் மொத்தக் கடையிலிருந்து நம் கடை வாசல் வரை அந்தச் சரக்கு வந்து சேரும் வண்டியின் கூரையை நிமிர்ந்து பார்ப்பவர்கள் எத்தனை பேர்? 2015ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னையை மூழ்கடித்த வெள்ளமும், 2023ஆம் ஆண்டு டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலிச் சீமையைப் புரட்டிப்போட்ட வெள்ளமும் செய்தித்தாளில் வந்தன. நிவாரணம் கேட்டு மனுக் கொடுத்தோம். வண்டிக்குள் சொட்டும் தண்ணீரோ எந்தச் செய்தியிலும் வராது, பேரேட்டிலும் வராது. அதற்கு யாரிடமும் மனுக் கொடுக்கவும் முடியாது. ஆனால் ஒவ்வொரு மழைக்கும் அது நம் முதலைக் கரைத்துக்கொண்டே இருக்கிறது.

இந்த நஷ்டம் தவிர்க்க முடியாத ஒன்றல்ல என்பதே நம் கருத்து. அரைநாள் வேலை, ஒரு ஹோஸ் பைப், உடன் ஓர் ஆள் இருந்தால் போதும், பெரும்பாலான ஒழுக்கைக் கண்டுபிடித்துவிடலாம். அதைச் செய்யாமல் விட்டுவிட்டு, நனைந்த மூட்டைக்கான பழியை ஓட்டுநர் தலையில் கட்டுவது வியாபாரமும் அல்ல, நியாயமும் அல்ல.

ஒரு மூட்டையின் கணக்கு

மளிகைச் சரக்கில் மிஞ்சுவது எவ்வளவு என்பது நமக்குள் ஒளித்துப் பேச வேண்டிய விஷயமல்ல. ஒரு மூட்டைக்கு நூற்றுக்கு இரண்டு ரூபாய் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மூட்டை முழுதாக வீணானால், அந்த ஒன்றை ஈடுகட்ட ஐம்பது மூட்டை விற்றாக வேண்டும். அதாவது ஐம்பது மூட்டைக்கு ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, கடன் கொடுத்து வசூலிக்கும் அலைச்சல் எல்லாம் செய்த பிறகு, முதலுக்கே வந்து நிற்கிறோம்.

இதன்மேல் வரி வேறு. 2017ஆம் ஆண்டின் சரக்கு, சேவை வரிச் சட்டத்தில் 17(5) என்ற பிரிவு இருக்கிறது. தொலைந்த, திருடுபோன, அழிந்த, கணக்கிலிருந்து தள்ளுபடி செய்த சரக்குக்கு உள்ளீட்டு வரிச் சலுகை கிடையாது என்று அது சொல்கிறது. வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொண்டிருந்தால் அதைத் திரும்பக் கட்ட வேண்டும். நனைந்து குப்பைக்குப் போன சரக்கின் விலையும் நம்முடையது, அதன் வரியும் நம்முடையது.

சரக்குக்குச் சரக்கு சேதமும் வேறுபடும். சர்க்கரையும் உப்பும் ஈரத்தை இழுத்துக் கட்டியாகிவிடும். உப்பு கரைந்த நீர் வண்டியின் தரைத் தகட்டையே அரித்துவிடும். வெல்லம் கசியும். சோப்புத்தூள் கல்லாகும். ஆனால் நாம் உண்மையில் அஞ்ச வேண்டியது வற்றல், நிலக்கடலை, கொப்பரை, பருப்பு, தானியம் ஆகியவற்றைப் பார்த்துத்தான். இவற்றில் ஈரம் தங்கினால் பூஞ்சை பிடிக்கும். சில வகைப் பூஞ்சை அஃப்ளடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். வெயிலில் காயவைத்தால் பூஞ்சை உதிர்ந்துவிடலாம், நஞ்சு போகாது. வீட்டு அடுப்பின் சூட்டிலும் அது முழுதாக அழிவதில்லை. நனைந்த மூட்டையைக் காயவைத்து நல்ல மூட்டையோடு கலந்து தள்ளிவிடுவது என்று கடைத்தெருவில் ஒரு வழக்கம் உண்டு. அது சாமர்த்தியம் அல்ல. வாடிக்கையாளர் வீட்டுக் குழந்தையின் சோற்றில் கலக்கும் காரியம். உணவுப் பாதுகாப்புச் சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், நம் தொழிலின் மானமே இதில் இருக்கிறது.

சாக்கின் குணத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். சணல் சாக்கு நனைந்தால் தண்ணீரை உறிஞ்சி, விளக்குத் திரிபோல மேலேயும் ஏற்றும்; ஆனால் காற்றுப்பட்டால் காயும். பிளாஸ்டிக் நெய்த சாக்கு மேலுக்குக் காய்ந்திருக்கும். தையல் ஓட்டை வழியே உள்ளே போன ஈரமோ வெளியே வர வழியில்லாமல் அங்கேயே புழுங்கும். எனவே தடவிப் பார்த்து நன்றாக இருக்கிறது என்று பிளாஸ்டிக் சாக்கை இறக்கி அடுக்கிவிடக் கூடாது.

சொட்டும் இடம் வேறு, ஓட்டை வேறு

வண்டி ஒழுக்கில் எல்லாரும் ஏமாறும் இடம் ஒன்று. தண்ணீர் சொட்டும் இடத்தில்தான் ஓட்டை இருக்கும் என்று நினைத்து அங்கே பசையை அப்புகிறோம். அடுத்த மழையிலும் ஒழுகுகிறது. காரணம், தண்ணீர் ஓட்டைக்கு நேர் கீழே விழுவதில்லை. தகட்டின் மடிப்பு, சட்டம், ஒயர் ஓடும் குழல் வழியாக நகர்ந்து, தாழ்ந்த முனை எங்கே வருகிறதோ அங்கே சொட்டும். தரையில் தேங்கிய நீரோ பிரேக் போட்டால் முன்னே ஓடும், மேட்டில் ஏறினால் பின்னே ஓடும். ஆகையால் முன் மூலையில் நனைந்த மூட்டைக்குக் காரணம் பின்கதவாகவும் இருக்கலாம்.

குட்டி யானை, மூடிய பாடி கட்டிய மினி லாரி, சரக்குக்காக இருக்கை கழற்றிய வேன் ஆகிய நம் வண்டிகளில் தண்ணீர் நுழையும் வழிகள் பெரும்பாலும் இவைதான்.

கூரையில்: கேரியர் பொருத்தப் போட்ட போல்ட் ஓட்டை, ஏரியல் ஓட்டை, தகடுகள் சேரும் இணைப்பு, தளர்ந்த ரிவெட்.

முன்புறம்: கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங் காய்ந்து வெடித்த இடம், வைப்பருக்குக் கீழே இலையும் தூசும் அடைத்த வடிகால்.

கதவில்: கதவுக் கண்ணாடி வழியே கொஞ்சம் தண்ணீர் கதவுக்குள் இறங்குவது இயல்பு. அது வெளியேறக் கதவின் அடியில் சிறு துளைகள் வைத்திருப்பார்கள். அவை மண்ணால் அடைத்துக்கொண்டால் தண்ணீர் உள்ளே தேங்கும். கதவை ஆட்டினால் சலசலவென்று சத்தம் கேட்கும். கதவின் உள்பலகைக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். கண்ணாடி ஏற்றும் கருவியைப் பழுது பார்த்தபோதோ ஸ்பீக்கர் வைத்தபோதோ அதைக் கிழித்து விட்டிருந்தால், கதவுக்குள் இறங்கும் நீர் நேராக வண்டிக்குள் வரும்.

பின்புறம்: பின்கதவு ரப்பர், டெயில் லைட்டின் பின்னுள்ள ரப்பர் வளையம்.

கீழே: தரைத் தகட்டின் துளைகளை மூடும் ரப்பர் மூடி கழன்ற இடம், சக்கரத்துக்கு மேல் துருப்பிடித்த தகடு. மழைநாளில் சக்கரம் வாரி அடிக்கும் தண்ணீர் கீழிருந்து மேலே நுழையும். கூரை எவ்வளவு நன்றாக இருந்தாலும் அடிவரிசை மூட்டை நனைவது இதனால்தான்.

மழையே இல்லாத நாளில் ஈரம் இருந்தால் வேறு காரணம் தேட வேண்டும். ஏ.சி. உள்ள வண்டியில் அதன் நீர் வெளியேறும் குழாய் அடைத்தால் முன்புற மிதிபலகையில் சுத்தமான தண்ணீர் தேங்கும். பிசுபிசுப்பாக, நிறத்தோடு, இனிப்பு வாடையோடு இருந்தால் அது ரேடியேட்டர் நீர். மெக்கானிக்கிடம் உடனே காட்ட வேண்டும். இன்னொன்றும் உண்டு. பகல் வெயிலில் சூடான சரக்கை, அதிலும் வெங்காயம், உருளைக்கிழங்கு போன்ற ஈரச் சரக்கை, மூடிய பாடியில் ஏற்றி இரவுக் குளிரில் மலைமேல் கொண்டுபோனால், கூரைத் தகடு வியர்த்து உள்ளேயே சொட்டும். அது ஒழுக்கு அல்ல, பசை பூசினால் நிற்கவும் நிற்காது. காற்றுப் போக்கு வைப்பதும், ஈரச் சரக்கையும் உலர்ந்த சரக்கையும் ஒரே நடையில் ஏற்றாமல் இருப்பதும்தான் அதற்கு மருந்து.

கண்டுபிடிக்கும் முறை

முதலில் வண்டியைக் காலி செய்து, மேட்டை எடுத்துவிட்டு, நன்றாக உலர விட வேண்டும். ஈரமான வண்டியில் புது ஈரம் எது, பழைய ஈரம் எது என்று தெரியாது.

மூடிய பாடிக்கு வெளிச்சச் சோதனை எளிது. நல்ல வெயிலில் ஒருவர் உள்ளே நின்று கதவுகளைச் சாத்திக்கொள்ளட்டும். வெளியிலிருப்பவர் கதவருகிலேயே நிற்கட்டும். கண் இருட்டுக்குப் பழகியதும் ஊசிமுனை அளவு ஓட்டையும் நட்சத்திரம்போலத் தெரியும். தெரிந்த இடத்தைச் சாக்பீஸால் வட்டமிட வேண்டும்.

கதவு ரப்பருக்குக் காகிதச் சோதனை. ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்துக் கதவைச் சாத்தி இழுக்க வேண்டும். இறுக்கமாக வந்தால் ரப்பர் நன்றாக இருக்கிறது. வழுக்கிக்கொண்டு வந்தால் அங்கே இடைவெளி. கதவைச் சுற்றி ஒரு சாண் இடைவெளியில் இப்படியே பார்த்துக்கொண்டு வரலாம்.

அடுத்தது தண்ணீர்ச் சோதனை. உள்ளே தரை முழுவதும் பழைய செய்தித்தாளை விரித்து, இணைப்புகளை ஒட்டிக் கோலப்பொடியைத் தூவ வேண்டும். ஒருவர் டார்ச்சோடு உள்ளே உட்கார, மற்றவர் ஹோஸ் பைப்பில் தண்ணீரைச் சீராக வழிய விட வேண்டும். வாட்டர் சர்வீஸ் கடையில் பீய்ச்சும் வேகம் கூடாது. அந்த வேகத்தில் நல்ல ரப்பரும் உள்ளே விடும். கீழிருந்து தொடங்கி மேலே போவது முக்கியம். கூரையிலிருந்து தொடங்கினால் தண்ணீர் எல்லா இடத்தையும் நனைத்துக்கொண்டு இறங்கும். எது நுழைந்த வழி என்று சொல்ல முடியாது. முதலில் அடித்தட்டு, பிறகு கதவு, பிறகு கண்ணாடி, கடைசியில் கூரை. ஒவ்வொரு இடத்திலும் ஐந்து நிமிடமாவது பொறுக்க வேண்டும். உள்ளே கோலப்பொடியில் கோடு விழுந்ததும் அந்தக் கோட்டைப் பின்பற்றி மேலே போனால் ஓட்டை கிடைக்கும். சமதளத்தில் ஒரு முறையும் சரிவில் நிறுத்தி ஒரு முறையும் பார்த்தால் நல்லது. நின்றால் ஒழுகாத வண்டி சாய்ந்தால் ஒழுகும்.

அடைக்கும் முறை

வடிகால் துளைகளைக் கம்பியால் குத்திச் சுத்தம் செய்வதற்குச் செலவே இல்லை. பாதி வண்டிகளுக்கு அதுவே போதுமானதாக இருக்கும். வெடித்த ரப்பரை மாற்றுவதும், கழன்ற மூடிகளைப் போடுவதும் சிறு செலவு.

தகட்டு இணைப்புக்குப் பசை போடுமுன் பழைய பசையை முழுதாகச் சுரண்டி, துருவைத் தேய்த்து, உலரவைக்க வேண்டும். பழைய பசைமேல் புதுப் பசை பூசுவது கிழிந்த சட்டைமேல் சட்டை போடுவதுதான். எம்-சீல் போன்ற இறுகும் பூச்சு அசையாத குழாய்க்கு நல்லது. ஓட்டத்தில் ஆடிக்கொண்டே இருக்கும் பாடியில் அது விரிசல் விடும். பாடிக்கு இளகிக் கொடுக்கும் பாலியூரித்தேன் சீலன்ட்தான் சரி. குளியலறைக்குப் பூசும் புளிப்பு வாடை சிலிக்கான் வேண்டாம். அது வெறும் தகட்டில் துருவை வளர்க்கும். அதன்மேல் பெயின்டும் நிற்காது. துருத் தின்ற தகட்டைப் பசையால் மூடக் கூடாது. டிங்கரிங் பட்டறையில் வெட்டி எடுத்து, வேறு தகடு பற்றவைத்து, பிரைமர் அடித்து, அதன்பின் சீலன்ட் போட வேண்டும். ஒட்டுக் கண்ணாடியாக இருந்தால் கண்ணாடிக் கடைக்காரர்தான் எடுத்து ஒட்ட வேண்டும். எல்லாம் முடிந்து காய்ந்த பிறகு மறுபடி தண்ணீர் விட்டுப் பார்க்காமல் பட்டறைக்குப் பணம் கொடுக்கக் கூடாது.

சரக்கு வண்டிக்கு எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒரு முறையும், அதன்பின் வருடந்தோறும் எஃப்.சி. காட்டியாக வேண்டும். அதற்காக வண்டி பட்டறையில் நிற்கும் நாளிலேயே இந்த வேலையையும் சேர்த்து முடித்துக்கொண்டால் ஓட்டம் கெடாது. பெயின்ட் அடித்து மினுக்குவதோடு நிறுத்திவிடுவதில் பயனில்லை.

திறந்த பாடி லாரிக்குத் தார்ப்பாய்தான் கூரை. அது தட்டையாக இருந்தால் தண்ணீர் தேங்கி, கனத்தில் தொங்கி, கயிற்றுக் கண் வழியே இறங்கும். நடுவில் மூட்டையை உயர்த்தி அடுக்கி இருபுறமும் சரிவு கொடுக்க வேண்டும். இரண்டு பாய் போட்டால் முன்பாயின் ஓரம் பின்பாயின் மேல் வர வேண்டும். மாறிப் போட்டால் ஓட்டக் காற்று தண்ணீரை உள்ளே தள்ளும். அடிப்பலகை இடுக்கில் சக்கரத் தண்ணீர் ஏறும் என்பதால் கீழேயும் ஒரு பாய் விரித்து, கட்டை போட்டு அடுக்குவது நல்லது.

நனைந்து வந்தால் என்ன செய்வது?

விருதுநகரிலிருந்து வற்றலும் ஈரோட்டிலிருந்து மஞ்சளும் பெரும்பாலும் பார்சல் லாரியில்தான் நமக்கு வருகின்றன. அந்த வண்டியை நாம் சோதிக்க முடியாது. ஆனால் இறக்கும்போது நமக்கு உரிமை இருக்கிறது. எல்.ஆர். என்று நாம் சொல்லும் சரக்கு ரசீதில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடக் கூடாது. எத்தனை மூட்டை நனைந்திருக்கிறது, வண்டியில் எந்த இடத்தில் இருந்தது என்று எழுதி, அதன் கீழ் கையெழுத்திட வேண்டும். மூட்டை வண்டியில் இருக்கும்போதே செல்போனில் படம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

1865ஆம் ஆண்டின் பழைய சட்டத்துக்குப் பதிலாக வந்த 2007ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் 2011 மார்ச் முதல் நடப்பில் இருக்கிறது. அதன்படி, பார்சல் நிறுவனத்தின்மேல் வழக்குப் போட வேண்டுமானால், சரக்கைப் பதிவு செய்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் எழுத்துமூலம் அறிவிப்புக் கொடுத்திருக்க வேண்டும். கவனியுங்கள், சரக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து அல்ல, பதிவு செய்த நாளிலிருந்து. "பார்த்துக்கொள்ளலாம் அண்ணாச்சி" என்ற வாய்ப்பேச்சை நம்பி ஆறு மாதம் ஓடிவிட்டால் உரிமையும் ஓடிவிடும். மேலும், கூடுதல் பொறுப்புக் கட்டணம் கட்டி அனுப்பாத சரக்குக்கு அவர்கள் தர வேண்டிய ஈட்டுக்கு வரம்பு உண்டு. விலை உயர்ந்த சரக்கு என்றால் அனுப்புகிற மொத்த வியாபாரியிடம் இதை முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும். இன்ஷூரன்ஸ் இருக்கிறது என்று நிம்மதியாக இருப்பவர்களும் மழைநீர்ச் சேதம் தங்கள் பாலிசியில் சேர்ந்திருக்கிறதா என்று படித்துப் பார்ப்பது நல்லது. தீ, மோதல், கவிழ்தல் மட்டும் கொண்ட பாலிசிகளும் உண்டு.

யார் தலையில் கட்டுவது?

மூட்டை நனைந்தால் ஓட்டுநர் சம்பளத்தில் பிடித்துக்கொள்வது சில இடங்களில் பழக்கமாகவே இருக்கிறது. தார்ப்பாயைக் கட்டாமல் சோம்பலாகக் கிளம்பியவரைக் கேட்பது வேறு. ஆனால் கூரையில் ஓட்டை இருப்பதும் ரப்பர் வெடித்திருப்பதும் வண்டி வைத்திருப்பவரின் பொறுப்பு. "பின்கதவு ஒழுகுதுங்க முதலாளி" என்று அவர் போன வருடமே சொல்லி, நாம் தீபாவளி முடியட்டும் என்று தள்ளிப் போட்டிருந்தால், அவர் கூலியில் கை வைக்க நமக்கு என்ன வாய் இருக்கிறது? கூலியைப் பிடித்தால் நடப்பது ஒன்றுதான். அடுத்த முறை நனைந்த மூட்டையை நடுவில் மறைத்து அடுக்கிவிட்டுப் பேசாமல் போவார். நமக்குத் தெரிய வரும்போது பக்கத்து மூட்டைகளும் கெட்டிருக்கும். நனைந்ததை முதலில் சொல்லும் ஓட்டுநருக்கு நன்றி சொல்லும் கடையில்தான் சரக்கு பிழைக்கும்.

வாடகை வண்டிக்காரரிடமும் இதே நியாயம் வேண்டும். நடைக்கு ஐம்பதும் நூறும் குறைத்துப் பேசி ஜெயித்துவிட்டு, அவர் புதுத் தார்ப்பாய் வாங்கவில்லையே என்று கேட்பதில் பொருளில்லை. மழைக்காலத்தில் நல்ல பாய், ஒழுகாத பாடி உள்ள வண்டிக்குச் சற்றுக் கூடுதல் வாடகை கொடுப்போம். ஒழுகும் வண்டியில் எவ்வளவு குறைவாகக் கேட்டாலும் ஏற்ற மாட்டோம். இந்த இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் பேச்சுக்கு மதிப்பு இருக்கும்.

நம் சங்கக் கிளைகளுக்கு ஒரு யோசனை. புரட்டாசி மாதத்தில் ஒரு விடுமுறை நாளைத் தேர்ந்தெடுத்து, மார்க்கெட்டில் வண்டிச் சோதனை நாள் நடத்தலாம். ஒரு தண்ணீர்த் தொட்டி, இரண்டு ஹோஸ் பைப், ஒரு டிங்கரிங் மேஸ்திரி இருந்தால் போதும். உறுப்பினர் வண்டிகளோடு நம் சரக்கை ஏற்றும் வாடகை வண்டிகளையும் அதில் சேர்த்துக்கொள்ள வேண்டும். லோடுமேன்களையும் அழைக்க வேண்டும். எந்த வண்டியில் எந்த மூலை நனையும் என்று அவர்களைவிட நன்றாக அறிந்தவர் யாரும் இல்லை. கிளைக்கு இது பெரிய செலவல்ல, ஒரு மூட்டை சர்க்கரையைக் காப்பாற்றினாலும் அந்தக் கடைக்கு லாபம்தான்.

கல்லாவில் விழும் ஒவ்வொரு ரூபாயையும் எண்ணிப் போடுகிறவர்கள் நாம். வண்டியில் விழும் துளியையும் இந்த ஆண்டு எண்ணத் தொடங்குவோம். முதல் மழைக்கு முன் வண்டிமேல் தண்ணீரை நாமே விட்டுப் பார்த்துவிடுவோம்.